கேளாமல் கொடுத்த வாக்கு

"நிறுத்துங்க… நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!"

மேற்கேயிருந்து அடித்த கச்சான் காற்று அந்தக் குரலைப் பாதியிலேயே பறித்துக் கடல் பக்கம் கொண்டுபோய்விட்டது. டிராக்டருக்குப் பின்னால் நின்று குழாயைத் தொட்டிக்குள் பிடித்திருந்த மாரீஸ்வரனுக்கு மிச்சம்தான் காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தான். வெள்ளை அங்கி… வெள்ளை முக்காடு… ஒரு கையால் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு, மணலில் கால் புதையப் புதைய ஓடி வந்தாள் ஓர் இளம் கன்னியாஸ்திரி.

"எதுல ஊத்துறீங்க?"

"தொட்டியிலதான் சிஸ்டர்."

"எந்தத் தொட்டியில? அது உப்புத் தண்ணித் தொட்டி! குடிக்கிற தண்ணிக்கு அங்கன இருக்கு பாருங்க… கண்ணு தெரியாதா உங்களுக்கு?"

அவன் குழாயை மூடிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான். ஒரு டேங்க் நல்ல தண்ணீர், அநேகமாக முழுவதும் உப்போடு கலந்துபோயிருந்தது. இராமநாதபுரம் சீமையில் இது சின்னப் பிழை அல்ல. பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டி, அகப்பையால் மொண்டு குடம் நிரப்புவதைப் பார்த்து வளர்ந்தவன் அவன். முகம் கறுத்துவிட்டது.

"எழுதி வச்சிருக்கக் கூடாதா சிஸ்டர்?"

"எழுதித்தான் இருக்கு. இவ்வளவு பெருசா…"

கையை நீட்டியவள் அப்படியே நின்றாள். இரண்டு தொட்டிச் சுவரிலும் நீல மையில் எழுதியிருந்த எழுத்துகளின் மேல் நான்கு ஈரப் படுக்கை விரிப்புகள் படபடத்துக்கொண்டிருந்தன. காலையில் அவளே காயப்போட்டவை.

அவன் விரிப்பைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். சிரிக்கப்போகிறான் என்று அவள் நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை.

"காத்து நல்லா அடிக்கிது. சீக்கிரம் காஞ்சிரும்," என்று மட்டும் சொன்னான்.

அவளுக்குக் காது வரைக்கும் சுட்டது.

"இன்னொரு நடை கொண்டாரேன் சிஸ்டர். கேட்டுட்டு ஊத்திருக்கணும். என் தப்பு."

"பாதி என் தப்பு…"

"பாதி வண்டித் தண்ணி கொண்டாந்தா வழியெல்லாம் தளும்பும். முழுசாத்தான் கொண்டாரணும்."

இப்போது அவள் சிரித்துவிட்டாள். மழைக்கு முன்னால் கடல் எப்படிக் கறுத்து, ஆழமாகி, ஒரு நொடி மின்னும்… அப்படிப்பட்ட கண்கள். அவன் சட்டென்று பார்வையைத் திருப்பி டிராக்டரில் ஏறினான். கன்னியாஸ்திரியின் கண்களை அப்படிப் பார்ப்பது மரியாதை இல்லை என்பது அவனுக்குத் தெரியும். நல்ல குடும்பத்துப் பிள்ளை.

*

கள்ளிமுனை என்ற அந்த இடம் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே, பெரிய சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் மணல் பாதையில் போனால் வரும். மூன்று பக்கம் கடல். நடுவில் ஒரு மேடு. மேட்டின் மேல் தொண்டி மரைக்காயர் குடும்பத்தின் பழைய பங்களா. கப்பல் வியாபாரம் போனபின் பூட்டிக் கிடந்த அந்த வீட்டை, அந்தக் குடும்பத்து ஹமீதா பானு என்ற அம்மாள், 'ஏழை எளியதுக்கு மருந்து கொடுங்க, போதும்' என்று கன்னியர் மடத்துக்குக் கொடுத்துவிட்டார். மூன்று சிஸ்டர்கள் வந்தார்கள். தலைவி மதர் எமரன்சியா, சமையல் பார்க்கும் வயதான சிஸ்டர் ரொசாரி, மருந்தகத்து இளம் நர்ஸ் சிஸ்டர் ஜெசிந்தா.

ஜெபத்துக்கு ஏற்ற இடம் என்றுதான் வந்தார்கள். காற்று ஜெபிக்க விடவில்லை. அது எந்நேரமும் எதையாவது திறந்தது, எதையாவது தட்டியது. சிஸ்டர் ரொசாரி தாம் மறந்தே போன பழைய பாட்டுகளை முணுமுணுக்க ஆரம்பித்தார். மதருக்குத் தூக்கம் கெட்டது. கூடத்துச் சுவரில் பதித்த ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. பெயர்த்தால் சுவரே வந்துவிடும் என்பதால் துணி போட்டு மூடியிருந்தார்கள். ஒருநாள் காற்று அந்தத் துணியைத் தூக்கியபோது ஜெசிந்தா தன் முழு உருவத்தைப் பார்த்தாள். பதினொரு வருடத்துக்குப் பிறகு.

யார் இவள்… எப்போது இருபத்தெட்டு வயதானாள்…

துணியை இழுத்து மூடி, கீழே ஒரு கல்லை வைத்தாள்.

*

செவ்வாயும் வெள்ளியும் தண்ணீர் வண்டி வரும். ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம் மாரீஸ்வரனுக்கு. கண்மாய் பெருகினால் நெல், பெருகாவிட்டால் டிராக்டரில் தண்ணீர் டேங்க். வண்டி வந்ததும் அவன் தொட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்.

"ஊத்தட்டுமா சிஸ்டர்?"

"ஊத்துங்க."

"இந்தத் தொட்டியா?"

"அதான் எழுதியிருக்கே!"

"எழுதியிருக்கு. ஆனா எந்த நேரம் எது மேல என்ன காயுமோ… ஒரு வார்த்தை கேட்டுக்கிறது நல்லதுல்ல?"

சமையலறை ஜன்னலிலிருந்து சிஸ்டர் ரொசாரி களுக்கென்று சிரிப்பார்.

"உங்களுக்கு லீவே கிடையாதா சிஸ்டர்?" என்று ஒருநாள் கேட்டான்.

"எதுக்கு லீவு?"

"ஊருக்குப் போக. கல்யாணம் காச்சி, காதுகுத்து…"

"வருசத்துக்கு ஒருக்க போவோம். டிரைவருக்கு எங்க மேல என்ன திடீர் அக்கறை?"

"இல்ல… தண்ணி செலவு எம்புட்டுக் குறையும்னு கணக்குப் பார்த்தேன்."

"பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்ல!"

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் பேசியதில்லை. ஆனால் திங்கட்கிழமை மாலையே அவள் காது பாதைப் பக்கம் திரும்ப ஆரம்பித்திருந்தது. செவ்வாய்க்கிழமை ஜெபத்தில் ஒரு வரி விட்டுப்போகும். ஹாரன் சத்தம் கேட்டால், தன்னை அறியாமல் கை மேலே போய் முக்காட்டைச் சரிசெய்யும்.

என்ன இது… தண்ணீர் வண்டிதானே…

அவள் தன்னையே அதட்டிக்கொள்வாள்.

*

ஐப்பசியில் முதல் மழை வந்தது. அவன் தண்ணீரை இறக்கி முடிக்கும்போதே பிடித்துக்கொண்டது. கடலும் வானமும் ஒன்றாகிப்போன மழை. அவன் மருந்தகத்துத் தாழ்வாரத்தின் அந்த ஓரத்தில் நின்றான். அவள் இந்த ஓரத்தில் காய்ச்சல் மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நடுவில் இரண்டு பெஞ்சுகள்.

"தண்ணி கொண்டாந்தவனை மழைக்கு ஒதுங்க வச்சுருச்சு," என்றான் அவன்.

"இனி ரெண்டு மாசம் உங்க வண்டிக்கு வேலை இருக்காது."

வாயிலிருந்து வந்த பிறகுதான் அந்த வார்த்தையின் பாரம் அவளுக்குத் தெரிந்தது. இருவரும் மழையைப் பார்த்தார்கள்.

"ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? நீங்க ஏன் சிஸ்டர் இதுக்கு வந்தீங்க?"

"நான் வரல. குடுத்தாங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "எங்க அய்யாவுக்குத் தங்கச்சிமடத்துக்குத் தெற்க சின்னக் குப்பம். நான் அம்மா வயித்துல இருக்கும்போது புயல்ல வள்ளம் கவுந்துருச்சு. அதுல மொத்தம் மூணு பேரு இருந்தாங்க. ஒன்றரை நாள் பலகையைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தாராம் அய்யா. 'கரை சேர்த்தா, பிறக்குறது பொண்ணா இருந்தா அது உமக்கு'ன்னு நேர்ந்துக்கிட்டாராம். மத்த ரெண்டு பேரும் வரல. அய்யா வந்தாரு. அப்புறம் நான் வந்தேன்."

"உங்களைக் கேட்கலையா?"

"எப்படிக் கேட்பாங்க? நான்தான் பிறக்கவே இல்லையே."

நல்ல நகைச்சுவை என்று நினைத்துத்தான் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் குரல் உடைந்தது. மழை கொஞ்சம் தணிந்தது.

"வீட்டுல உங்களை என்னன்னு கூப்புடுவாங்க?"

"…சிந்தா."

அவன் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லவில்லை. தலையை மட்டும் மெல்ல ஆட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கி நடந்தான். அவன் சொல்லாமல் விட்டதுதான் அவளை அழ வைத்தது.

*

அந்த வருடம் மார்கழிக்குள் ஜெசிந்தா நித்திய வார்த்தைப்பாட்டுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவரை எடுத்த வாக்குகள் எல்லாம் வருடக் கணக்குள்ளவை. இது சாகும்வரைக்குமானது. அதனால் மடத்தில் ஒரு வழக்கம். விண்ணப்பக் கடிதத்தைத் தானே, தன் கையாலேயே எழுத வேண்டும். அதில் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: 'எவருடைய வற்புறுத்தலும் இன்றி, என் முழு விருப்பத்தோடு கேட்கிறேன்.'

மொத்தம் நாலு வரிதான். மூன்று வரிகளை எழுதி வைத்து ஒரு மாதம் ஆயிற்று.

"நாலாவது வரி எங்க?" என்று மதர் எமரன்சியா கேட்டார்.

"எழுதுறேன் மதர்…"

மதர் அவளை நெடுநேரம் பார்த்தார். அவர் கடுமையான பெண்மணி அல்ல. கண்ணுள்ளவர். அன்றே தங்கச்சிமடத்துக்கு ஒரு போன் போட்டார். 'மகளை ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.' வேறொன்றும் சொல்லவில்லை.

ஜெசிந்தாவின் தகப்பன் சந்தியாகு வந்தார். அறுபது வயது. கடலில் அடிபட்டு இறுகிய உடம்பு, நிமிர்ந்த முதுகு. துவைத்து மடித்த வேட்டி. ஊர்க்கோயில் திருவிழாவில் சப்பரத்தின் முன்கட்டையை வலது தோளில் தாங்கும் உரிமை அவருடையது. பல படகுகளுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் குடும்பத்துக்கு இருந்த உரிமை அது. 'பெத்த பிள்ளையை ஆண்டவருக்குக் கொடுத்தவர்' என்று, பலகை வள்ளம்கூடச் சொந்தமாக இல்லாத சந்தியாகுவுக்கு ஊர் அதை மாற்றிக் கொடுத்திருந்தது. அந்தக் கட்டையைத் தவிர வாழ்க்கையில் வேறு எந்தப் பெருமையையும் அவர் தோளில் ஏற்றிக்கொண்டதில்லை.

"என்ன ஆத்தா, மெலிஞ்சுட்ட?"

"காத்து அய்யா… தூங்க விடாது."

அவர் கொண்டுவந்த கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் ஹாரன் கேட்டது. ஒரு வாரம் வெயில் அடித்ததால் அன்று தண்ணீர் வண்டியை வரச்சொல்லியிருந்தார்கள். அவள் கை பொட்டலத்தை விட்டது. மேலே போனது. முக்காட்டைச் சரிசெய்தது.

பெற்றவருக்கு அது போதும்.

அவர் மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் இறக்கி முடியும்வரை தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டார்.

"தம்பி, மெயின் ரோடு வரைக்கும் வாரேன். பஸ்ஸப் பிடிக்கணும்."

"வாங்கய்யா. மட்கார்டுல உட்காந்துக்கிடுங்க. கம்பியப் பிடிச்சுக்கங்க… பாதை குதிக்கும்."

"கடல்ல குதிக்காததா?"

வண்டி கிளம்பியது. ஜெசிந்தா மேட்டின் மேல் நின்று பார்த்தாள். தகப்பனும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போவதைப் பார்க்க அவளுக்குக் காரணமில்லாமல் சந்தோஷமாக இருந்தது. பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

பாதி வழியில் சந்தியாகு கேட்டார்.

"எந்த ஊருப் பிள்ளை தம்பி?"

மாரீஸ்வரன் ஊரைச் சொன்னான். தகப்பன் பெயரைச் சொன்னான்.

"கல்யாணம்?"

"இல்லய்யா. தங்கச்சிய முடிச்சுக் குடுத்தாச்சு. எனக்கு… இனிதான்."

சந்தியாகு கடல் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, கேட்காமலே, அந்தப் புயலைப் பற்றிச் சொன்னார். பலகையைச் சொன்னார். கூட இருந்த இருவரின் பெயரைச் சொன்னார். "எங்க மூணு பேருல நான் மட்டும்தான் வாக்குக் குடுத்தேன் தம்பி. நான் மட்டும்தான் வந்தேன். போன ரெண்டு பேரோட பொஞ்சாதிகளும் இன்னைக்கும் என் தெருவுலதான் இருக்காக. என்னையப் பார்க்கும்போதெல்லாம் அவுக நினைக்கிறது எனக்குத் தெரியும். 'இவரு பிள்ளையக் குடுத்தாரு, அதான் உசுரோட இருக்காரு'ன்னு. அந்த ஒரு சொல்லுலதான் அவுக என்னைய மன்னிச்சு வச்சிருக்காக."

மாரீஸ்வரன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

"ஏன் என்கிட்ட இதைச் சொல்றீங்க அய்யா?"

"சும்மாதான். கிழவனுக்குப் பேச ஆளு வேணும்ல?"

அவர் கெஞ்சவில்லை. மிரட்டவில்லை. ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அப்படிப்பட்ட மனிதர் முன்னால் இன்னொரு மானமுள்ள மனிதனால் என்ன செய்ய முடியும்? மெயின் ரோட்டில் வண்டியை நிறுத்தி, கைகொடுத்து இறக்கிவிட்டான்.

"அய்யா… அடுத்த நடையிலிருந்து வேற வண்டி வரும்."

"நான் உன்னைக் கேட்கல தம்பி."

"தெரியும்யா. நானாத்தான் சொல்றேன்."

பஸ் வந்தது. சந்தியாகு ஏறும்போது திரும்பி அவன் தோளில் ஒருமுறை கையை வைத்தார்.

*

வெள்ளிக்கிழமை ஹாரன் வேறு மாதிரி கேட்டது. டிராக்டரிலிருந்து இறங்கியவர் நரைத்த மீசைக்காரர்.

"நான் ராக்கப்பன், சிஸ்டரு. மாரீசுக்கு மாமன் முறை. இனிமே நான்தான் வருவேன்."

"அவரு…? உடம்புக்கு எதுவும்…?"

"உடம்புக்கென்ன, கல்லு மாதிரி இருக்கான். மண்டைக்குத்தான் கேடு! யாரோ ஒரு பெரியவரு மட்கார்டுல உட்காந்து ஏதோ சொன்னாராம். இவன் இனி அந்தப் பாதையில வண்டிய விட மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டானாம். என்ன விசயம்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறான். சோத்தையும் ஒழுங்கா திங்க மாட்டேங்கிறான். இந்தத் தொட்டிதான சிஸ்டரு?"

"…அதேதான்."

அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். முதலில் அழுகை வரவில்லை. கோபம் வந்தது. ஒருவர் அவள் பிறக்கும் முன்னால் அவளைப் பற்றி வாக்குக் கொடுத்தார். இன்னொருவர் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு டிராக்டரில் வாக்குக் கொடுத்தார். இரண்டு பேரும் நல்லவர்கள். இரண்டு பேரும் கேட்கவில்லை.

நாலாவது வரி எழுதாத அந்தக் காகிதத்தை எடுத்தாள். பேனாவைத் திறந்தாள். 'எவருடைய வற்புறுத்தலும் இன்றி…' அதற்கு மேல் கை நகரவில்லை. பிறகுதான் அழுகை வந்தது.

அடுத்த நாள் மதரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினாள். பாம்பன் பாலத்தின் மேல் போகும்போது இரண்டு பக்கமும் கடல். அதில் எங்கோதான் தன்னைப் பற்றிய பேச்சு முடிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

சந்தியாகு கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தார். மகள் தனியாக வருவதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. நிமிர்ந்து நின்றார்.

"என்னால எழுத முடியல அய்யா."

"கை வலிக்குதாக்கும்?"

"'என் முழு விருப்பத்தோட'ன்னு எழுதணும். பொய் எழுதச் சொல்றீங்களா? அதையும் ஆண்டவருக்கேவா?"

அவர் வலையை மறுபடியும் உதறினார்.

"நீங்க நேர்ந்தது உங்க வாக்கு. அதை முடிச்சுட்டீங்க அய்யா, பதினேழு வயசுல கொண்டுபோய் விட்டீங்க. பதினொரு வருசம் இருந்தேன். நல்லாத்தான் இருந்தேன். இப்ப அவரு கேட்குறது என்னைய. அந்தப் பதில் என்னோடதா இருக்கணும்ல?"

"அந்தத் தண்ணி வண்டிப் பிள்ளையா?"

"அவரு என்னைய ஒரு வார்த்தை கேட்டதில்ல. நானும் சொன்னதில்ல. நீங்க ரெண்டு பேரும்தான் என்னைய விட்டுட்டுப் பேசி முடிச்சுட்டீங்க."

சந்தியாகு வலையைக் கீழே போட்டார். முகம் அசையவில்லை. கண்கள் மட்டும் சிவந்தன.

"அவன் நல்ல பிள்ளை," என்றார். "அதுதான் எனக்குக் கஷ்டம். கெட்டவனா இருந்திருந்தா உன்னைய அதட்டி அனுப்பிருப்பேன்."

அவள் காலில் விழப் போனாள். அவர் விடவில்லை.

"வேணாம். நீ தப்பு ஒண்ணும் செய்யல. ஆனா… என்கிட்ட இப்ப பேசாத ஆத்தா. எனக்கு முடியல."

*

டிசம்பர் மூன்றாம் தேதி, சவேரியார் திருவிழா. சப்பரம் கிளம்பும் நேரத்துக்கு ஊர் கூடி நின்றது. சந்தியாகு முன்கட்டைக்கு வரவில்லை. சாமியாரிடம் போய் ஏதோ சொன்னார். பிறகு, அந்தப் புயலில் போனவர்களில் ஒருவரின் மகனைக் கூப்பிட்டு, அவன் தோளில் தம் கையாலேயே கட்டையை ஏற்றி வைத்தார். ஊரில் ஒருவரும் அவரை விலகச் சொல்லவில்லை. மகள் மடத்தைவிட்டு வருகிறாள் என்று பலருக்கு இன்னும் தெரியவே தெரியாது. தெரிந்த பிறகு யாரும் சொல்லி இறங்கும் மனிதர் அல்ல அவர். தாமாகவே இறங்கினார். இறங்கி, கூட்டத்தின் கடைசியில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். முதுகு மட்டும் வளையவில்லை.

வீட்டு வாசலில் நின்று ஜெசிந்தா அதைப் பார்த்தாள். அவர் அவளை அடித்திருக்கலாம். திட்டியிருக்கலாம்.

ஊரைவிட்டுத் தூரமாகப் போய்விட வேண்டும் என்று அப்போதே அவள் முடிவு செய்துவிட்டாள்.

*

ஆறு மாதம் கழித்து, ஆனி மாதத்து ஒரு நண்பகலில், ஆர்.எஸ்.மங்கலத்துக்கு வெளியே ஆழ்துளைக் கிணற்றடியில் மாரீஸ்வரன் டேங்க் நிரப்பிக்கொண்டிருந்தான். மோட்டார் சத்தத்தில் யாரோ பக்கத்தில் வந்து நின்றது தெரியவில்லை. நிழல் விழுந்ததும் திரும்பினான்.

பச்சைப் பருத்திச் சேலை. கையில் ஒரு பெட்டி. முக்காடு இல்லை. காற்றுக்குப் பழகாத கூந்தல் முகமெல்லாம் பறந்தது. கண்கள் மட்டும் அவனுக்குத் தெரிந்த கண்கள்.

"சிஸ்டர்…"

"சிஸ்டர் இல்ல."

டேங்க் நிரம்பி மேலே வழிந்தது. இருவரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். அப்புறம்தான் அவன் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினான்.

"கேள்விப்பட்டேன்," என்றான். "ராமநாதபுரத்துல ஒரு ஆஸ்பத்திரியில வேலை பார்க்குறீங்கன்னு மாமா சொன்னாரு. வந்து பார்க்கணும்னு… வரல. உங்க அய்யா திருவிழாவுல கடைசியில போய் நின்னாராமே. அதைக் கேட்ட பிறகு எந்த முகத்தோட வர்றது?"

"தெரியும். நீங்க வர மாட்டீங்கன்னு. அதான் நான் வந்தேன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "கத்தாருக்குப் போறேன். நர்ஸ் வேலை. ரெண்டு வருசம். இன்னைக்கு மதுரைக்குப் போயி, நாளைக்கு விமானம்."

அவன் முகம் வெளுத்துப்போயிற்று.

"அம்புட்டுத் தூரம் எதுக்கு?"

"இங்கன இருந்தா உங்களைப் பார்ப்பேன். பார்த்தா… இருக்க முடியாது. கடவுள விட்டுட்டு ஒரு ஆளுக்காக வெளிய வந்தான்னு ஊரு பேசும். அய்யா கடைசி வரிசையில நிக்கிறாரு. அதுக்கும் வெளிய அவரை நிறுத்த என்னால முடியாது. நான் பொய் எழுத மாட்டேன்னு வெளிய வந்தேன். அது மட்டும்தான் காரணம்னு அவரு நம்பணும். நம்ப ரெண்டு வருசம் ஆகும். கூடவும் ஆகும்."

"இப்ப பேசுறாரா?"

"இல்ல. காலையில கிளம்பும்போது பெட்டியத் தூக்கிப் பஸ்ஸுல வச்சாரு. பேசல."

சாலையில் மதுரை பஸ் வரும் தூசி தெரிந்தது. அவன் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

"ஒண்ணு சொல்லிட்டுப் போகணும்," என்றாள். தலை குனியவில்லை, தகப்பனின் மகள். "எனக்கு உங்களைப் பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும். இது யாரும் நேர்ந்துக்கிட்டது இல்ல. யாரும் கேட்டது இல்ல. என் வாழ்க்கையிலேயே நானா சொல்ற முதல் வார்த்தை இதுதான். பதில் வாங்க வரல… சொல்லத்தான் வந்தேன்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். முப்பத்தொரு வயது ஆண்பிள்ளை, பட்டப்பகலில், சாலையோரத்தில், கண்ணீரைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றான்.

"காத்திருக்கேன்னு சொல்ல மாட்டேன்," என்றான் மெல்ல. "சொன்னா அது இன்னொரு நேர்ச்சையாயிரும். நீங்க அங்கன உட்காந்து அதைச் சுமப்பீங்க. அது வேணாம்."

"வேணாம்," என்றாள் அவளும்.

பஸ் நெருங்கியது. அவள் கையை நீட்டி நிறுத்தினாள். படியில் ஒரு காலை வைத்தவளிடம் அவன் ஓடி வந்தான்.

"அன்னைக்கு அந்த வண்டியில… உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேட்கல. மன்னிச்சிருங்க." மூச்சு வாங்கினான். "எனக்கும் உங்களைப் பிடிக்கும், சிந்தா."

அந்தப் பெயரை அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. கண்டக்டர் விசிலை ஊதினார்.